பால்வீதியின் சேர்விடாப்பு

(சங்கத்தின் நூற்றாண்டை முன்னிட்டு 2025 ஆகஸ்ட் மாதம் பாடசாலை மண்டபத்தில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியையான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் என்னிடம் பாடசாலை நினைவுகளைப் பேசும்படிதான் கேட்டார். அதை என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு ஒரு பாடவேளை தாருங்கள், போதும் என்றேன். காரணம், இந்தப் பாடசாலையில் நான் கற்பித்த ஒரு விடயத்தை இப்போது திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவும் கற்பித்த இடத்திலேயே நின்று சொல்ல வேண்டும். அதற்கு வருவதற்கு முன் கொஞ்சம் சுற்றிப்போக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1967ஆம் ஆண்டு தீவகத்தில் ஒரு சின்னப் பாடசாலையிலிருந்து விடுகைப் பத்திரத்தோடு ஆறாம் வகுப்புக்கு வந்தவள் நான். அன்று அலுவலகத்தில் ஒரு பெரிய சேர்விடாப்பை விரித்து, என் பெயருக்கு நேரே "முன்பு கற்ற பாடசாலை" என்ற நிரலில் எங்கள் ஊர்ப் பாடசாலையின் பெயரை எழுதினார்கள். பின்னர் நானே இங்கு ஆசிரியையானேன். 1990, 91இல் தீவகத்திலிருந்தும் வேறிடங்களிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளைச் சேர்த்தபோது அதே நிரலை நான் நிரப்பினேன். சிலரிடம் விடுகைப் பத்திரம் இருக்கவில்லை. வாயால் சொன்னதை எழுதினோம். 1995 இடம்பெயர்வோடு அந்த இடாப்புகளில் பல தொலைந்துவிட்டன. நூற்றாண்டு மலருக்காகப் பழைய பெயர்களைத் தேடியவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

ஆனால் இடாப்பு தொலைந்தாலும் ஆள் தொலைவதில்லை. தீவகத்துப் பிள்ளை வாய்திறந்து இரண்டு வசனம் கதைத்தால் வகுப்புக்கே தெரிந்துவிடும். எனக்கு இன்றும் அந்த இழுவை போகவில்லை என்று என் பிள்ளைகள் சொல்வார்கள்.

விண்மீன்களும் அப்படித்தான் என்று சொல்லத்தான் இதைச் சொன்னேன். நாம் குடியிருக்கும் பால்வீதி என்கிற விண்மீன் திரள், அதாவது ஆங்கிலத்தில் கலக்ஸி என்பது, ஆரம்பத்திலிருந்தே இந்த அளவில் இருந்ததல்ல. சிறிய திரள்கள் பல வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றின் விண்மீன்கள் இன்று நம்முடைய விண்மீன்களோடு கலந்துதான் நிற்கின்றன. சேர்விடாப்பு எதுவும் கிடையாது. இருந்தும், "இது இங்கே பிறந்தது, இது வெளியிலிருந்து வந்தது" என்று இன்று பிரித்துச் சொல்ல முடிகிறது. எப்படி என்பதுதான் இன்றைய பாடம்.

முதலில் அளவு விளங்க வேண்டும். பால்வீதி ஒரு தட்டையான தட்டு. விட்டம் ஏறத்தாழ 1,00,000 ஒளியாண்டு. அதில் 10,000 கோடிக்கு மேற்பட்ட விண்மீன்கள். நமது ஞாயிறு நடுவிலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. ஒருமுறை சுற்றிவர 22, 23 கோடி ஆண்டு எடுக்கிறது. தட்டைச் சுற்றி, மேலும் கீழுமாக, விண்மீன்கள் மிக ஐதாகப் பரவிய ஒரு கோளம் இருக்கிறது. அதை ஒளிவட்டம் என்பார்கள். தட்டில் உள்ளவர்களில் பெரும்பாலானோர் இங்கேயே பிறந்தவர்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் அதிகமாக இருப்பது ஒளிவட்டத்தில். இதை நினைவில் வைத்திருங்கள்.

இந்தத் திரளுக்கு வெளியே வேறு திரள்கள் இருக்கின்றன என்பதே நூறு வருடத்து அறிவுதான். நமது சங்கத்தின் வயது. அந்தக் கதையின் தொடக்கத்தில் ஒரு பெண் இருக்கிறார். ஹென்றியெற்றா லீவிற், அமெரிக்காவின் ஹாவாட் வானாய்வகத்தில் புகைப்படக் கண்ணாடித் தட்டுகளைப் பார்த்து விண்மீன்களின் பிரகாசத்தை அளந்து குறிக்கும் வேலை செய்தவர். செவிப்புலன் குறைந்தவர். கூலி மணித்தியாலத்துக்கு 30 சதம். மெகலன் முகில்கள் என்று தென்வானத்தில் தெரியும் இரண்டு வெண்திட்டுகளில், பிரகாசம் கூடிக் குறையும் 1,777 விண்மீன்களை அவர் எண்ணிப் பட்டியலிட்டு 1908இல் வெளியிட்டார். 1912இல், அவற்றில் ஒரு வகைக்கு, துடிக்கும் காலம் நீளமாக இருந்தால் உண்மையான பிரகாசமும் கூட என்று காட்டினார். உண்மைப் பிரகாசம் தெரிந்தால் தூரம் தெரியும். தூரத்தில் நிற்கும் லாம்பு மங்கித் தெரிவதை வைத்து எவ்வளவு தூரம் என்று சொல்வதைப் போல. 1923இல் எட்வின் ஹபிள் அன்ட்ரோமீடாவில் அப்படியான ஒரு விண்மீனைக் கண்டதும், அது நம் திரளுக்குள் இருக்கும் புகைத்திட்டு அல்ல, தனியான இன்னொரு திரள் என்பது உறுதியானது. அதற்கு இரண்டு வருடம் முன்னரே லீவிற் இறந்துவிட்டார். அந்த மெகலன் முகில்களும் சிறிய திரள்கள்தான், நம்மைச் சுற்றியிருப்பவை. அவற்றிடம் பிறகு வருவேன்.

திரள்கள் ஒன்றோடொன்று சேருமா? இதை முதன்முதலில் பரிசோதித்துப் பார்த்த மனிதரை நான் உயர்தர வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். இங்குள்ள சிலருக்கு நினைவிருக்கும். சுவீடனில் லுண்ட் நகரத்தைச் சேர்ந்த எரிக் ஹொல்ம்பேர்க். 1941. கணினி கிடையாது. அவர் 74 மின்குமிழ்களை எடுத்தார். ஒரு திரளுக்கு 37, மற்றதற்கு 37. ஏன் மின்குமிழ்? ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும். ஈர்ப்பு விசையும் அப்படித்தான் குறையும். ஆகவே ஒரு குமிழ் இருக்கும் இடத்தில் ஒளிக்கலத்தை வைத்து எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்று அளந்தால், அந்த இடத்திலுள்ள விண்மீனை எந்தப் பக்கம் எவ்வளவு இழுவை இழுக்கும் என்பது கிடைத்துவிடும். அளந்து, கணக்கிட்டு, எல்லாக் குமிழ்களையும் கொஞ்சம் நகர்த்தி வைப்பார். திரும்ப அளப்பார், திரும்ப நகர்த்துவார். இரண்டு திரள்கள் அருகே கடந்துபோகும்போது அவை ஒன்றிலொன்று வற்றுப்பெருக்கு எழுப்பி, ஓடும் சக்தியை இழந்து, பிரிந்துபோக முடியாமல் பிடிபடக்கூடும் என்று கண்டார். உபகரணம் இல்லை என்று என்னிடம் முறையிட்ட ஆசிரியர்கள் எல்லோருக்கும் இந்த 74 மின்குமிழ்களைச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து, 1943இல், சுப்பிரமணியன் சந்திரசேகர் அந்தப் பிடிபடுதலுக்கான கணிதத்தை எழுதினார். இதற்கு நமக்கு நல்லூர்த் தேரைவிட நல்ல உதாரணம் வேண்டாம். தேர் நகர நகர, அதன் பின்னால் சனம் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். பாரமான ஒரு பொருள் விண்மீன் கூட்டத்துக்குள் ஓடும்போதும் அதன் ஈர்ப்பினால் பின்பக்கம் விண்மீன்கள் நெருங்கிச் சேர்கின்றன. சேர்ந்தவை அதைப் பின்னால் இழுக்கின்றன. மோதவே இல்லை, உரசவே இல்லை. ஆனாலும் வேகம் குறைகிறது. இயக்க உராய்வு என்பது இதற்குப் பெயர். ஒரு சிறிய திரள் பெரிய திரளின் ஒளிவட்டத்துக்குள் நுழைந்தால், ஒவ்வொரு சுற்றிலும் வேகம் குறைந்து குறைந்து உள்ளே இறங்குவது இதனால்தான்.

மோதவே இல்லை என்றேன். இதைத்தான் பிள்ளைகள் நம்புவதில்லை. கோடிக்கணக்கான விண்மீன்கள் உள்ள இரண்டு கூட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தால் விண்மீன்கள் நொறுங்காதா? ஞாயிற்றை ஒன்றரைச் சென்ரிமீற்றர் கண்ணாடிப் போளையாகச் சுருக்கிப் பருத்தித்துறையில் வையுங்கள். அடுத்த விண்மீனை எங்கே வைக்க வேண்டும் தெரியுமா? தேவேந்திரமுனையில். இலங்கை முழுவதுக்கும் இந்தக் கரையில் ஒரு போளை, அந்தக் கரையில் ஒரு போளை. இந்த அளவு ஐதாக இருக்கும் இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று ஊடறுத்தால் போளையில் போளை முட்டுவது அரிதிலும் அரிது. முட்டுவது விண்மீன்களுக்கு இடையில் உள்ள வாயு முகில்கள். அவை மோதி நெருங்கி, அங்கே புதிய விண்மீன்கள் சடசடவென்று பிறக்கும். 1978இல் நியூசிலாந்தில் வளர்ந்த பியற்றிஸ் ரின்ஸ்லி, றிச்சட் லாசன் என்பவரோடு சேர்ந்து, உருக்குலைந்து தெரியும் திரள்களின் நிறங்களை ஆராய்ந்து இதைக் காட்டினார். மோதும் திரள்களில் இளம் நீல விண்மீன்கள் ஒரேயடியாகப் பிறந்திருக்கின்றன என்று. அதே வருடம்தான் அவர் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியையானார். 1981இல் நாற்பது வயதில் புற்றுநோயால் மறைந்தார்.

வாயுவுக்கு இப்படி. விண்மீன்களுக்கு நடப்பது வேறு. நிலவு கடலின் கிட்டப் பக்கத்தைக் கூடுதலாகவும் எட்டப் பக்கத்தைக் குறைவாகவும் இழுப்பதால் வற்றுப்பெருக்கு வருகிறது என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தோம். அதே கணக்குத்தான். பெரிய திரள் சிறிய திரளின் கிட்டப் பக்கத்தைக் கூடுதலாக இழுக்கும். கிட்டப் பக்கத்து விண்மீன்கள் முந்தி ஓடும், எட்டப் பக்கத்தவை பிந்தும். நூற்பந்து அவிழ்வதுபோலச் சிறிய திரள் முன்னும் பின்னும் நீண்ட இழையாக அவிழும். 1972இல் அலார், யூரி ரூம்ரே என்ற சகோதரர்கள், எஸ்தோனியாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்தவர்கள், கணினியில் இதைச் செய்துகாட்டினார்கள். வானில் அதுவரை விளங்காமல் இருந்த நீண்ட வால்களையுடைய திரள்களின் படங்கள் அப்படியே கணினியில் வந்தன.

ஆங்கில நூல்களில் இதைத் திரள் திரளைத் தின்பது என்று எழுதுவார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. தின்றால் செரித்துவிடும், இங்கே எதுவும் செரிப்பதில்லை. (சிறியது பெரியதற்குள் போய்ச் சேர்வதைப்பற்றி நான் பேசத் தொடங்கியதிலிருந்து இரண்டாம் வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறீர்கள். நான் வானியல் மட்டும்தான் கதைக்கிறேன்.)

நமது திரளிலும் இது நடந்ததா? 1962இல் எழுதப்பட்ட பிரபலமான ஓர் ஆய்வுக் கட்டுரையின்படி, பால்வீதி ஒரே பெரிய வாயு முகில் விரைவாகச் சுருங்கியதால் வந்தது. 1978இல் இன்னும் இருவர், வெளிப்புறத்தில் உள்ள விண்மீன் கொத்துகளை ஆராய்ந்து, இல்லை, துண்டு துண்டாகச் சேர்ந்து வந்தது என்றார்கள். பல வருடம் வாதமாகவே இருந்தது. பிறகு 1994இல், கேம்பிரிட்ஜில் இருந்த றொட்றிகோ இபாற்றா என்ற ஆராய்ச்சி மாணவரும் அவரோடு கில்மோர், இர்வின் என்ற இருவரும் பால்வீதியின் நடுப்பகுதி விண்மீன்களின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வேறொன்றைத்தான் தேடினார்கள். ஆனால் தனுசு இராசித் திசையில் ஒரு கூட்டம் மட்டும் மற்றவற்றோடு சேராமல், தமக்குள் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பால்வீதியின் நடுப்பகுதிக்கு அப்பால், மறுபக்கத்தில், ஒரு முழுச் சிறு திரள் இன்று, இப்போது, அவிழ்ந்துகொண்டிருக்கிறது! அதன் இழைகள் பால்வீதியையே சுற்றி வளைத்திருக்கின்றன என்பது பின்னர் தெரிந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி எம்54. சார்ள்ஸ் மெசியே என்ற பிரெஞ்சு வானியலாளர் 1778இல் பதிந்து வைத்த ஒரு விண்மீன் கொத்து. 200 வருடத்துக்கு மேலாக அது நம்முடையது என்றுதான் எல்லாப் புத்தகங்களிலும் இருந்தது. 1994க்குப் பிறகு பார்த்தால் அது அந்தத் தனுசுச் சிறுதிரளின் நடுவில் இருக்கிறது. மெசியே தன்னை அறியாமல் வேறொரு திரளின் கொத்தை நமது இடாப்பில் பதிந்திருக்கிறார்.

தனுசுத் திரள் இன்னும் முழுதாகக் கரையவில்லை. அதனால் கண்டுபிடிக்க முடிந்தது. 1000 கோடி ஆண்டுக்கு முன் வந்து, முற்றாகக் கலந்துவிட்டவர்களை எப்படி அடையாளம் காண்பது? இங்கேதான் அமினா ஹெல்மி வருகிறார். ஆர்ஜென்ரீனாவில் பாகியா பிளாங்கா என்ற ஊரில் பிறந்தவர்; நெதர்லாந்தில் க்றோனிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியை. 1999இல், கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கும்போதே, ஞாயிற்றுக்கு அருகில் உள்ள விண்மீன்களில் ஒரு சிறு குழு மட்டும் ஒரேமாதிரியான விசித்திரப் பாதையில் போவதைக் கண்டு, இவை பழைய காலத்தில் வந்து சேர்ந்த ஒரு திரளின் மிச்சம் என்று எழுதினார்.

அவருடைய தருக்கம் எளிமையானது. விண்மீன்களுக்கு உராய்வு கிடையாது. வந்த பாதையின் சக்தியும் கோணவுந்தமும் எளிதில் மாறுவதில்லை. இடம் கலந்துவிடும், வானில் எங்கெங்கோ சிதறிவிடும், ஆனால் போக்குக் கலப்பதில்லை. தட்டில் பிறந்தவை எல்லாம் ஒரு பக்கமாக வட்டப்பாதையில் சுற்றும்போது, வந்தவை குறுக்கே பாய்ந்து நடுவைத் தொட்டு மீளும், அல்லது எதிர்ப்பக்கமாகவே சுற்றும். ஆகவே ஒவ்வொரு விண்மீனும் எங்கே நிற்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, எப்படி ஓடுகிறது என்று கேட்க வேண்டும். அதற்கு இலட்சக்கணக்கான விண்மீன்களின் வேகம் தேவை.

அந்த அளவீட்டைத் தந்தது ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 2013 டிசம்பரில் ஏவிய கயா விண்கலம். 2018 ஏப்ரல் 25ஆம் திகதி அதன் இரண்டாவது தரவுத் தொகுதி வெளியானது: 130 கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களின் தூரமும் நகர்வும். யாரும் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். ஹெல்மியின் குழு, மூன்று திசைகளிலும் வேகம் முழுமையாகத் தெரிந்த 70 இலட்சம் விண்மீன்களை ஆராய்ந்தது. அவற்றில் சுமார் 30,000 மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. பெரும்பான்மைக்கு எதிரான போக்கு. கேம்பிரிட்ஜில் பெலோகுரோவ் என்பவரின் குழுவும் வேறு வழியால் அதே விண்மீன்களிடம் வந்து சேர்ந்தது.

போக்கு மட்டும் போதாது. இரண்டாவது சாட்சி வேண்டும். அது இரசாயனம். ஒரு திரளில் முதலில் வெடிப்பவை பெரிய விண்மீன்கள். அவை ஒட்சிசன், மகனீசியம் போன்றவற்றைக் கொடுக்கும். இரும்பின் பெரும்பங்கைத் தரும் இன்னொரு வகை வெடிப்பு காலம் தாழ்த்தி வரும். பெரிய திரளில் விண்மீன்கள் விரைவாகப் பிறப்பதால், இரும்பு வந்து சேருமுன்னரே பல தலைமுறை முடிந்துவிடும். சிறிய திரள் ஆறுதலாகச் சமைக்கும் வீடு. அங்கே மகனீசியத்துக்கு இரும்பின் விகிதம் வேறாக இருக்கும். விண்மீனின் ஒளியைப் பிரித்துத் திருசியத்தைப் பார்த்தால் அந்த விகிதம் தெரியும். ஒரு வாய் கறியை வைத்ததும் இது இன்னார் வீட்டுக் கூட்டு என்று நாம் சொல்வதில்லையா? அந்த விசித்திரப் போக்குள்ள விண்மீன்களின் கூட்டும் வேறாகவே இருந்தது.

இரண்டு சாட்சியும் ஒத்துவந்தன. ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுக்கு முன், அன்றைய பால்வீதியின் நாலில் ஒரு பங்கு திணிவுள்ள ஒரு திரள் வந்து மோதியிருக்கிறது. நாலுக்கு ஒன்று என்பது சின்ன விருந்தாளி அல்ல. அன்றிருந்த தட்டே குலுங்கித் தடித்தது; இன்று தடித்த தட்டு என்று சொல்லப்படும் பகுதியில் அந்தக் குலுக்கம் இன்னும் இருக்கிறது. நமக்கு அருகிலுள்ள ஒளிவட்டத்து விண்மீன்களில் பெரும்பகுதி அந்த வரவில் வந்தவை. கிரேக்கக் கதையில் கயா என்ற பூமித்தாயின் மகன், எற்னா எரிமலைக்குக் கீழே புதைக்கப்பட்டு, அவன் புரண்டால் நிலம் நடுங்கும் என்று சொல்லப்படும் அரக்கன் என்செலடஸ். ஹெல்மி அந்தத் திரளுக்கு கயா-என்செலடஸ் என்று பெயர் வைத்தார். புதைந்தும் குலுக்குகிறது என்ற பொருத்தம். நமது ஞாயிறு பிறந்து 460 கோடி ஆண்டுதான். இது நடந்து முடிந்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகு வந்த பிள்ளை நாம்.

இனி, திருத்தம்.

2012இல் ஹபிள் தொலைகாட்டியைக் கொண்டு அன்ட்ரோமீடாவின் பக்கவாட்டு நகர்வை அளந்தார்கள். 25 இலட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள அந்தத் திரள் விநாடிக்கு சுமார் 110 கிலோமீற்றர் வேகத்தில் நமது திரளை நோக்கி வருகிறது. பக்கவாட்டு நகர்வு மிகக் குறைவு. ஆகவே 400 கோடி ஆண்டளவில் ஏறக்குறைய நேருக்கு நேர் மோதும் என்றார்கள். பத்திரிகை எல்லாம் வந்தது. 2013இல் நமது வானியல் கழகத்தில் நான் அதைப் படம் கீறிக் கற்பித்தேன். ஒரு பிள்ளை எழும்பி, "மோதாமல் விலகிப் போகவும் சந்தர்ப்பம் இருக்கோ ரீச்சர்?" என்று கேட்டாள். "அளந்திட்டினம் பிள்ளை, இரு" என்றேன். அதோடு விடவில்லை. வினாவிடைப் போட்டிக்கு அணி தெரிவுசெய்ய நான் வைத்த பரீட்சையில் இதை ஒரு சரி-பிழை வினாவாகப் போட்டேன். "நிச்சயம் மோதும்" என்பதற்கு அவள் பிழை என்று போட்டாள். நான் புள்ளி கொடுக்கவில்லை. அந்த ஒரு புள்ளியால் அவள் அணிக்கு வரவில்லை.

இந்த வருடம் ஜூன் மாதம் ஹெல்சிங்கியில் இருந்து ரில் சவாலா என்பவரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. கயா, ஹபிள் இரண்டின் புதிய அளவீடுகளையும், அந்த அளவீடுகளில் உள்ள வழுக்களையும் சேர்த்துப் பல ஆயிரம் தடவை கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். முக்கியமாக, பெரிய மெகலன் முகிலின் இழுவையையும் சேர்த்தார்கள். அந்தச் சின்னத் திரள் நமது பால்வீதியைச் சற்றுப் பக்கவாட்டில் இழுக்கிறது. அதனால் அன்ட்ரோமீடாவோடு மோதும் சாத்தியம் குறைகிறது. அடுத்த 1000 கோடி ஆண்டில் மோதுவதற்கு ஏறத்தாழ 50 சதவீதச் சாத்தியம்தான். பூவா தலையா. 400, 500 கோடி ஆண்டில் நேராக மோதுவது மிக அரிது. மாறாக, 200 கோடி ஆண்டளவில் அந்தப் பெரிய மெகலன் முகில் நமக்குள் வந்து சேர்வது அநேகமாக நிச்சயம் என்கிறார்கள்.

2012இல் அளந்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய எண்ணிலும் வழு இருந்தது. அதை அவர்கள் எழுதியும் இருந்தார்கள். இழந்தது நான். செய்முறைப் பரீட்சையில் வாசிப்போடு வழுவை எழுதாத பிள்ளைக்கு இரக்கமில்லாமல் புள்ளி குறைத்தவள் நான். கரும்பலகையில் நான் எழுதிய 400 கோடிக்குப் பக்கத்தில் வழு இருக்கவில்லை. அதைக் கேட்ட ஒரே பிள்ளையை இருக்கச் சொன்னேன்.

அந்தப் பிள்ளை இப்போது வெளிநாட்டில். பெயர் சொல்லமாட்டேன், வெட்கப்படுவாள். பத்திரிகையில் செய்தி பார்த்த அன்று அவளுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவளுக்கு மோதல் நினைவிருக்கவில்லை, புள்ளி நினைவிருந்தது. அவளுடைய விடைத்தாள் என்னிடம் இல்லை. ஆனாலும் இன்று அந்தப் புள்ளியைப் போடுகிறேன்; சங்கத்தின் அறிக்கைப் புத்தகத்தில் பதிந்துவிடும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு நிமிடம் இருப்பதாக மணி காட்டுகிறார்கள். 1990இலிருந்து சில வருடம் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இருக்கவில்லை. எதற்கும் உதவாத அந்தக் காலத்தில் வானம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. இப்போது எல்லா இடமும் வெளிச்சம். ஆனாலும் தீவகக் கரைக்குப் போனால் இன்னும் பார்க்கலாம். இன்று இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பாருங்கள். தேநீர்க் கேத்தல் மாதிரி இருக்கும் தனுசு விண்மீன்கள் நன்றாக மேலே நிற்கும். அதற்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில்தான் அந்தச் சிறுதிரள் அவிழ்கிறது. சாதாரண இருவிழித் தொலைகாட்டி வைத்திருப்பவர்கள் கேத்தலின் அடிப்பக்கத்தில் எம்54ஐ மங்கிய புள்ளியாகப் பிடிக்கலாம். வைகாசியில் வந்தால் தெற்கே ஒமேகா சென்ரோறி என்ற கொத்து வெறுங்கண்ணுக்கே மங்கிய திட்டாகத் தெரியும். ஒரு கோடி விண்மீன்கள். அதுவும் வந்துசேர்ந்த ஒரு திரளின் நடுப்பகுதியாகத்தான் இருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். தை மாதக் கடைசியில், நிலவில்லாத இரவில், ஒன்பது மணியளவில் தென் அடிவானத்துக்கு மேல் ஒரு சாண் உயரமும் இல்லாமல் லீவிற் எண்ணிய அந்தப் பெரிய மெகலன் முகில் நிற்கும். எங்கள் ஊர்க் கடற்கரையில் பனைக்கு மேலே அதைப் பார்த்திருக்கிறேன். அடுத்ததாக வரப்போகிறவர் அவர்தான்.

கேள்வி இருந்தால் கேளுங்கள், பிள்ளைகள். இருக்கச் சொல்லமாட்டேன்.